கண்ணேறிய பாவாடை

பெரிய சண்டைக்குச் சொல்தாவாக, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாயாகப் போன புதுச்சேரிப் பிள்ளைகளில் திரும்பியவர்கள் திரும்பி, திரும்பாதவர்களுக்குப் பூசை வைத்து முடித்திருந்த காலத்தில், பிரான்சிலிருந்து சைகோனுக்குப் போகிற வழியில் ஓர் ஆட்டக்கூட்டம் கடல்பாலத்தில் இறங்கியது; இறங்கிய பெட்டிகளில் ஒன்றை அலை நனைத்துவிட்டது; நனைந்த பெட்டியிலிருந்த பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஒரு வெள்ளைக்காரத் தாதி சுண்ணாம்புத் தெருவுக்கு வந்தாள், ஏனென்றால் வெள்ளைக்காரர்களுக்கு உடுப்புத் தைக்கிற அந்துவான் அந்தத் தெருவில்தான் இருந்தார்.

கொசுவலையைவிட மெல்லிய வலைத்துணியை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சுருக்கி, ஓர் இடுப்புப் பட்டியில் கோத்திருந்த வெள்ளைப் பாவாடை அது. நனைந்து ஒரு பக்கம் கிழிந்தும் இருந்தது. தாதி அதை மேசைமேல் விரித்து, விரலால் தொட்டுக் காட்டி, "துத்து, துத்து" என்றாள். மறுநாள் வருவதாகக் கையால் காட்டிவிட்டுப் போய்விட்டாள். அந்துவானுக்குத் தெரிந்த பிரெஞ்சு கழுத்துப்பட்டி, பொத்தான், கைநீளம் என்று சொல்தா உடுப்போடு முடிந்துவிடுகிற பிரெஞ்சு. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. உள்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி மதலேனுக்குத்தான் விளங்கியது.

"அவ இன்னா சொல்லிட்டுப் போறா, கேட்டீங்களா?"

"என்னமோ சொன்னா."

"தூ தூன்னு துப்பிட்டுப் போறா. துணிக்குக் கண்ணு பட்டிருக்கு. இல்லேன்னா பெட்டி அத்தனையும் இருக்க இது மட்டும் நனைவானேன்?"

"வெள்ளைக்காரிக்குக் கூடவா கண்ணு படும்?"

"பார்க்கிறவங்களுக்குக் கண்ணு இருந்தா போதும்."

அந்துவான் கிழிசலைத் தைத்தார். மதலேன் வடிகஞ்சியில் பாவாடையை முக்கிக் கொல்லையில் காயவைத்தாள். காய்ந்ததும் மேசையில் கொண்டுவந்து வைத்து, உப்பும் மிளகாயும் கையில் எடுத்து, பிள்ளைக்குச் சுற்றுகிறதுபோல் வலமும் இடமும் சுற்றி, தூ தூ தூ என்று துப்பினாள். பாவாடை மேசையைவிட்டு எழுந்தது. ஒரு பெண்பிள்ளை நின்றால் அவள் இடுப்பு எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில் நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே நின்று, பிறகு ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுகிற வேகத்தில் மெதுவாகச் சுற்றத் தொடங்கியது.

"கஞ்சி அதிகமாப் போட்டுட்டே" என்றார் அந்துவான்.

மறுநாள் தாதி வரவில்லை. காற்று மாறியதால் கப்பல் சொன்ன நேரத்துக்கு முன்பே போய்விட்டது என்று பாலத்தில் சொன்னார்கள். பாவாடை அந்துவானின் முன்னறையிலேயே நின்றுவிட்டது.

சுண்ணாம்புத் தெரு எதையும் பழக்கிக்கொள்கிற தெரு. காளவாய்ப் புகையைப் பழக்கிக்கொண்டதுபோல், மழைநாளில் வாசல்வரை வருகிற கடலைப் பழக்கிக்கொண்டதுபோல், பாவாடையையும் பழக்கிக்கொண்டது. பங்குச்சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். கஞ்சி நமுத்துப் பாவாடை சற்றுத் தொய்ந்தது. காய்ந்ததும் பழையபடி விறைத்தது. "கெட்டதாயிருந்தால் ஓடியிருக்கும், நல்லதாயிருந்தால் கோயிலுக்கு வந்திருக்கும், இது வெறும் துணி" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அந்துவான் தையல் இயந்திரத்தைச் சுவரோரம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். அளவு கொடுக்க வந்தவர்கள் அதைச் சுற்றி ஒதுங்கி நின்று அளவு கொடுத்தார்கள்.

அடுத்த வீட்டு அஞ்சலாட்சியின் கைப்பிள்ளை இரவுபகலாக அழுகிற பிள்ளை. ஒரு நாள் அவள் மதலேனோடு பேசிக்கொண்டிருந்தபோது பிள்ளை இறங்கித் தவழ்ந்து பாவாடைக்கு அடியில் போய் அந்தப் பக்கம் வெளியே வந்தது. அத்தோடு அழுகை நின்றது. கண்ணேறு கழிந்துவிட்டது என்றாள் அஞ்சலாட்சி. அதன்பிறகு வாசலில் கூட்டம் குறையவில்லை. கோயிலுக்குப் போகிறவர்களும் வந்தார்கள், மாதாகோயிலுக்குப் போகிறவர்களும் வந்தார்கள். பிள்ளைகளை அடியில் தவழவிட்டார்கள். புதுத்துணியை அடியில் நீட்டி எடுத்தார்கள். கறவை மாட்டை உள்ளே கொண்டுவரக் கூடாது என்று அந்துவான் மறித்ததால் மாட்டின் கயிற்றை மட்டும் கொண்டுவந்தார்கள். பாவாடைக்குத் தூத்தூ என்று பெயர் விழுந்தது. தூத்தூ நாளுக்கு நாள் வெளுத்தது. நாளுக்கு நாள் அதன் அடுக்குகள் மேல்நோக்கி விரிந்து, முழங்கால்வரை தொங்கியிருந்தது தாம்பாளம்போல் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நின்றது.

அதன் உண்மையான கதை தனக்குத் தெரியும் என்றார் அந்தச் சண்டைக்குப் போய்த் திரும்பியிருந்த சொல்தா சின்னையா. பிரான்சில் கழுதைக்குக் கால்சட்டை போடுகிற ஊர் உண்டு என்றும் சொன்ன மனிதர் என்பதால் அவர் சொன்னதைத் தெரு பாதிதான் நம்பியது.

"அதோட பேரே துத்துதான் மதலேன். அவ பேரைச் சொன்னா. நீ துப்பினதா நெனச்சிக்கிட்டே."

"பேரு வெக்கிறவங்க நல்ல பேரா வெக்கமாட்டாங்களா?"

"கேளு. சண்டை முடிஞ்சி எங்களைப் பாரிசுல நிறுத்தி வெச்சிருந்தப்ப, ஆட்டக் கொட்டகையில தூணுக்குப் பின்னாடி ஒக்காந்து பாத்தேன். ஆடறவ கால்விரல் நுனியில நின்னா. பாதம் தரையில பாவல. எங்கூட வந்த காரைக்கால் பையன் பேய்னு சொல்லிட்டு எழுந்து ஓடிட்டான். பக்கத்துல ஒரு வெள்ளைக்காரக் கெழவன் சொன்னான், அவன் பாட்டன் காலத்துல பாவாடை கணுக்கால் வரைக்கும் இருந்திச்சாம். கால் எப்டி நிக்குதுன்னு ஜனம் பாக்க ஆசைப்பட்டுச்சாம். ஆசைப்பட ஆசைப்பட மேல ஏறிச்சாம். கெண்டைக்கால், முழங்கால், அதுக்கும் மேல. கண்ணுதான் ஏத்திச்சு. மேடை வெளக்கு பத்தி எரிஞ்சி செத்தவளுங்க உண்டாம். எரியாம இருக்க ஒரு தண்ணியில நனைச்சுக் குடுக்கறோம்னாங்களாம். நனைச்சா வெள்ளை மங்கிடும், பாக்க நல்லா இருக்காதுன்னு ஆடறவளுங்களே மாட்டேன்னுட்டாளுங்களாம். அந்த மாதிரித் துணி இது. கண்ணைத் தின்னு வளந்தது. உள்ள ஆளு இருந்தா பாக்கறவன் தன் பார்வையைத் தானாக் குடுப்பான். ஆளு இல்லேன்னா, கிட்ட வர்றவங்க மேல விழற பார்வையை அது தானா எடுத்துக்கும்."

"போய்க் கழுதைக்குக் கால்சட்டை தைங்க மாமா" என்றாள் அஞ்சலாட்சி. எல்லோரும் சிரித்தார்கள்.

ஆனால் முதலில் அவள் வீட்டில்தான் அது தெரிந்தது. பிள்ளை படுத்திருந்த பாயின்மேல் பூக்கூடையை வைத்தாள். பிள்ளை கத்தியபிறகுதான் அது அங்கே கிடப்பது தெரிந்தது. பிள்ளை மறைந்துபோகவில்லை. இருந்தது. பார்க்கிறவர்கள் கண்தான் அதன்மேல் நிற்காமல், எண்ணெய் தடவிய தட்டில் விழுந்த தண்ணீர்போல் வழுக்கி அந்தப் பக்கம் போயிற்று. பிறகு பள்ளிக்கூடத்தில் தாவீது வாத்தியார் பெயர் கூப்பிட்டால் "உள்ளேன் ஐயா" என்று குரல் வரும், குரல் வந்த இடத்தில் பெஞ்சுதான் தெரியும். கலியாணத்துக்கு முந்தினநாள் தூத்தூவுக்கு அடியில் போய்வந்த பூங்காவனத்துக்குத் தாலி கட்டுகிற நேரத்தில் மாப்பிள்ளை, அவள் கையைப் பிடித்துக்கொண்டே, "பொண்ணு எங்கே?" என்று கேட்டான். தடவிப்பார்த்துத்தான் கட்டினான். பிற்பாடு அவன் சுவரைப் பார்த்து, "கொழம்பு நல்லா இருக்கு" என்று சொல்லிப் பழகிக்கொண்டான்.

தெருவும் பழகிக்கொண்டது. பிள்ளைகளுக்குக் காலில் மணி கட்டினார்கள். உட்காருவதற்கு முன்னால் பலகையைத் தட்டிப்பார்த்தார்கள். பந்தியில் ஆள் இல்லாத இடத்திலும் இலை போட்டார்கள், அந்த இலைகளும் காலியாயின. "கண்ணே விழலேன்னா கண்ணேறு எப்படி வரும், நல்லதுதானே" என்று பேசிக்கொண்டார்கள். தூத்தூவை நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மதலேனுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தவறிப்போய் மூன்றாவதாகத் தங்கியவள் ரொசாலி. சுருட்டைமுடியும் பெரிய கண்ணுமாக, தெருவில் போகிறவர்கள் நின்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போகிற மாதிரியான பெண். அவர்கள் கிள்ளுகிறபோதெல்லாம் மதலேன் ஓடிவந்து அவளை உள்ளே இழுத்துக்கொள்வாள். மற்றவர்கள் பிள்ளைகளை ஒரு தரம் கொண்டுவந்தார்கள். தூத்தூ தன் வீட்டிலேயே நின்றதால் மதலேன் மகளைச் சாயங்கால மணி அடித்ததும் தினந்தோறும் அடியில் போய்வரச் சொன்னாள். ஆகவே எல்லோரையும்விட அதிகமாகத் தொலைந்தவள் ரொசாலிதான். மதலேன் அவள் தலையைக் கைத்தடவலில் வாரினாள். பிறகு கைக்கும் தலை அகப்படவில்லை. "இங்கதான் இருக்கேன்மா" என்று குரல் மட்டும் வந்தது. பார்த்துக்கொண்டிருந்த இடத்திலிருந்தே வந்தது. பிறகு கூப்பிட்டால் பதில் வரவும் நேரமாயிற்று, யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நிற்பதுபோல.

ஒரு காலையில் அந்துவானின் நிலைக்கண்ணாடி முன்னால் ரொசாலியின் கால்மணி ஒலித்தது. மணி அங்கேயே வெகுநேரம் நின்றிருந்தது.

"அம்மா" என்றது குரல், அழாமல், ஏதோ கடையில் சாமான் இல்லை என்று சொல்ல வந்ததுபோல. "என் கண்ணுக்கும் நான் தெரியல."

மதலேன் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, சின்னையா வீட்டுக்கு ஓடினாள்.

"மாமா, ஆளு உள்ளே இருந்தா எடுத்ததைத் திருப்பிக் குடுக்குமா?"

"எனக்கு எப்படித் தெரியும்மா? பாத்ததைச் சொன்னேன். ஆளு உள்ளே இருந்தா அதுக்கு வயிறு ரொம்பிடும். ரொம்பின வயிறு எதுக்குப் புடிச்சு வெச்சிக்கும்?"

தூத்தூவைத் தானே உடுத்தப்போவதாக மதலேன் சொல்ல, அன்று சாயங்காலம் முழுவதும் அந்துவான் அவளோடு வாதாடினார்.

"வேற யாரையாவது கேட்டுப் பார்ப்போம் மதலேன்."

"யாரைக் கேப்பீங்க? யார் வீட்டுப் பொம்பளையப் போய், தொடை தெரிய நடுத்தெருவுல வந்து நில்லுன்னு கேப்பீங்க?"

முக்காடு இல்லாமல் வாசல்கூடத் தெளிக்காதவள் அவள். அவர் எழுந்து அளவுநாடாவை எடுத்தார். சொல்தா உடுப்புக்கு உள்வைத்துத் தைக்கிற வெள்ளைத்துணியில் அவளுக்கு ஒரு குட்டைக் கால்சட்டை தைத்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தெரு நிறைந்திருந்த நேரத்தில் மதலேன் சேலையைக் களைந்து மடித்துவைத்துவிட்டுக் குனிந்து, தூத்தூவுக்கு அடியில் புகுந்து நிமிர்ந்தாள். அது அவளுக்காகவே நின்றிருந்ததுபோல் இடுப்பில் வந்து உட்கார்ந்தது. அந்துவான் பின்னால் நின்று கொக்கிகளை மாட்டினார்.

"இறுக்கமாப் போடுங்க."

"மூச்சு விட முடியுமா?"

"பரவால்ல."

அவள் தெருவில் இறங்கியதும் ஜனம் மரியாதைக்குத் தலையைத் திருப்பிக்கொண்டது. சில பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள்.

"இத்தனை நாளா என் வீட்டுக்குள்ள இடிச்சிக்கிட்டு நின்னீங்களே, இப்ப இன்னா வெக்கம்?" என்று மதலேன் கத்தினாள். "பாரு அஞ்சலாட்சி! பாருங்க வாத்தியாரே! என் புள்ளைக்காகப் பாருங்க, உங்க புள்ளைக்காகப் பாருங்க!"

ஒருவர் பார்த்தார். பிறகு இருவர். பிறகு தெருவே பார்த்தது. வெயிலே பாராத அவள் கால்கள் அந்த வெள்ளைக்குக் கீழே வாழைத்தண்டுபோல் நின்றன. பார்க்கப் பார்க்கக் குதிகால் எழும்பியது. கால்விரல் நுனியில் நின்றாள். அப்போது தெரு முழுக்கக் கூச்சல்கள் கேட்டன: அஞ்சலாட்சி தன் இடுப்பிலேயே இருந்த பிள்ளையைக் கண்டாள், பூங்காவனத்தின் புருசன் பக்கத்தில் நின்றவளைப் பார்த்து, "இது யாரு?" என்று கேட்டு அடி வாங்கினான். அந்துவான் வீட்டுப் படியில் அழுக்குக் கவுனும் சிக்குப்பிடித்த தலையுமாக ரொசாலி நின்றிருந்தாள். தன் கைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதலேன் மகளைக் கண்டபோது அவள் கால்விரல்கள் தரையைவிட்டு ஒரு முழம் மேலே இருந்தன.

"தலையை வாருடி" என்றாள்.

அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. கதவு உயரம் போய், கூரை உயரம் போய்க்கொண்டிருந்தாள். அவளை ஏற்றுவது தெருவின் கண்தான் என்று அந்துவான் புரிந்துகொண்டு, "கண்ணை எடுங்கய்யா, கும்பிடறேன், கண்ணை எடுங்க!" என்று வீடுவீடாக ஓடினார். தெருவே சுவர்ப்பக்கம் திரும்பி நின்றது. அவள் சாண்சாணாக இறங்கினாள். கால் தரையில் படப்போகிற நேரத்தில் சட்டென்று மறுபடி ஏறினாள்.

"யார்றா பாத்தது?"

"நான் இல்லப்பா."

"நீதான் திரும்பினே."

"நீ பாக்காம நான் திரும்பினது உனக்கு எப்படித் தெரியும்?"

அன்று மட்டுமில்லை, அடுத்த நாளும், அதற்கடுத்த வாரமும் அதேதான் நடந்தது. பார்க்காதே என்று சொன்னால் ஒரு தெருவில் எல்லோரும் பார்க்காமல் இருந்ததாக எங்கும் கிடையாது. ஆகவே சுண்ணாம்புத் தெரு இதையும் பழக்கிக்கொண்டது. நீண்ட மூங்கிலில் தூக்குச்சட்டியை மாட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு அந்துவான் மேலே நீட்டுவார். "உப்பு கம்மி" என்று குரல் வரும். மழைக்குக் குடை போயிற்று. மேலேயிருந்தபடியே அவள் குடித்தனம் நடத்தினாள்: பால் பொங்குது பார், கொல்லைக்கதவு திறந்து கிடக்கு, ரொசாலி சாப்பிட்டாளா, ரொசாலி எங்கே போறா. ரொசாலியை இப்போது தெரு முழுவதும் பார்த்தது. ரொசாலி மட்டும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு தலைநிமிர்ந்து மேலே பார்த்ததே இல்லை. தன் கண் ஒன்றாவது அம்மாவை ஏற்றாமல் இருக்கட்டும் என்று இருந்தாள்.

பல வருசம் கழித்து நான் கடலூரிலிருந்து பஞ்சாலை வேலைக்கு வந்து அந்தத் தெருவில் குடியேறியபோது, முக்கில் உட்கார்ந்திருந்த சின்னையா, "தம்பி, கீழே பாத்து நட" என்றார். நடந்தேன். தரையைப் பார்த்து நடக்கிற இன்னொருத்தியின்மேல் மோதித்தான் எனக்கும் ரொசாலிக்கும் பழக்கமாயிற்று. பெண் கேட்டபோது அந்துவான் தலையாட்டினார். மேலேயிருந்து, "குடிப்பானா, கேளுங்க" என்று குரல் வந்தது. கலியாணத்தன்று கோயிலிலிருந்து திரும்பி வந்து வாசலில் நின்றோம். மேலேயிருந்து எங்கள்மேல் அரிசி விழுந்தது. என் மாமியாரின் முகம் எனக்குத் தெரியாது. குரல்தான் தெரியும், அந்தக் குரலுக்கு வயதும் ஆகவில்லை.

அந்துவான் இறந்தபோது அவள் ஒப்பாரிவைத்து அழுதாள். அழுகை கேட்டு எடுக்க வந்த கூட்டம் மொத்தமும் நிமிர்ந்து பார்த்துவிட்டது. பனைமர உயரத்துக்குப் போய்விட்டாள். புருசன் போன வண்டியை அங்கிருந்துதான் பார்த்தாள். பிரெஞ்சுக் கொடியை இறக்கி நம் கொடியை ஏற்றிய நாளில் ஊரே கொடியைப் பார்த்துக்கொண்டிருந்ததால் மாடி உயரம் வரை வந்தாளாம். யாரோ ஒரு வெளியூர்க்காரன் நிமிர்ந்து பார்த்துக் கெடுத்தான். அதன்பிறகு பேச்சும் குறைந்தது. பேசினால் பார்க்கிறார்கள் என்று கண்டுகொண்டாளோ என்னவோ. ரொசாலி கொல்லையில் துணி உலர்த்தும்போது மட்டும் இரண்டு பேரும் தணிந்த குரலில் பேசிக்கொள்வார்கள். ரொசாலி கொடிக்கயிற்றைத் தடவியே கண்டுபிடிப்பாள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்டதில்லை.

ரொசாலி ஒரு ஆவணியில் காய்ச்சலில் போனாள். கடைசி நாட்களில் மல்லாந்து படுக்கச் சொன்னாலும் மாட்டாள், சுவர்ப்பக்கம் ஒருக்களித்தே கிடந்தாள். கண்ணை நான்தான் மூடினேன். மூடிய பிறகுதான் நிமிர்த்திக் கிடத்தவிட்டேன்.

எங்கள் வழக்கப்படி கோயில்வரை பெட்டியை மூடாமல் முகம் தெரியத் தூக்கிக்கொண்டு போனோம். வாழ்நாள் முழுவதும் குனிந்து நடந்தவளின் முகத்தை முழுசாகப் பார்த்தவர்கள் அந்தத் தெருவில் கொஞ்சம்பேர்தான். அன்று எல்லோரும் பார்த்தார்கள். சன்னலிலிருந்து பார்த்தார்கள், மதில்மேல் ஏறிப் பார்த்தார்கள். பெரிய கண் மூடியிருந்தது, சுருட்டைமுடி நரைத்திருந்தது. ஒருவரும் கண்ணை எடுக்கவில்லை. மேலேயிருந்து சத்தமே வரவில்லை. ஒரு விம்மல்கூட வரவில்லை.

அந்துவானின் பழைய வீட்டைத் தாண்டியபோது, எங்களுக்குப் பின்னால் யாரோ வெறுங்காலோடு மண்ணில் குதித்ததுபோல் கேட்டது. முதலில் தடுமாறி, பிறகு ஊன்றி, நடை தொடங்கியது. நடைக்கு நடை, கஞ்சிபோட்ட துணி உரசுகிற சத்தம். என்னருகில் கோல் ஊன்றி வந்த அஞ்சலாட்சி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"திரும்பாதேப்பா."

"தெரியும்க்கா" என்றேன்.

தெரு முழுக்க அது கேட்டிருக்க வேண்டும். யாருடைய கழுத்தும் அசையவில்லை. ரொசாலியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்தோம். கோயிலுக்குள்ளும் அந்த நடை வந்தது, கல்லறைத் தோட்டத்துக்கும் வந்தது. பெட்டியை இறக்கினார்கள். என் பிடி மண்ணைப் போட்டேன். அது விழுந்து அடங்கியபிறகு, எனக்கு இடப்பக்கத்திலிருந்து இன்னொரு பிடி விழுந்தது.

நான் மண்ணைத்தான் பார்த்தேன்.